மாப்பிள்ளைத் துப்பாக்கி

ஊரில் எல்லோரும் கலாஷ்னிகோவுக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில்தான் முக்பில் பழைய துப்பாக்கிகளைச் சேர்க்க ஆரம்பித்தான். அவனுக்குக் கல் கட்டுகிற வேலை. மலைச்சரிவில் இடிந்துபோன வரப்புச் சுவரையும் வீட்டுச் சுவரையும் எழுப்பப் போகிற இடமெல்லாம், கொட்டகை மூலையிலோ தீவன மூட்டைக்குப் பின்னாலோ, துருக்கிப் படை விட்டுப்போனது, நாட்டை ஆண்ட இமாமின் சிப்பாய் சுமந்தது என்று ஏதாவது ஒன்று நூலாம்படை கட்டிக் கிடக்கும். இதை வைத்துக்கொண்டு காக்காய்கூட விரட்ட முடியாது, எடுத்துக்கொண்டு போ என்பார்கள். தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவான். அன்றைக்கு அவனுக்கு ரொட்டி இறங்காது. முதலில் அதைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

வெளியே தெரிகிற துருவை அவன் பெரிதாக எண்ணுவதில்லை. கட்டைக்குள் மறைந்திருக்கிற இரும்பைத்தான் பார்ப்பான். மரமும் இரும்பும் ஒட்டுகிற இடத்தில் என்றைக்கோ பெய்த மழை இன்னும் உட்கார்ந்திருக்கும். அதைச் செம்புக் காசு ஒன்றால் பொறுமையாகச் சுரண்டுவான். உப்புத்தாளைத் தொடமாட்டான், அது துருவோடு சேர்த்துப் படைக்காரன் அடித்த முத்திரையையும் தின்றுவிடும். கட்டையில் குழி விழுந்திருந்தால் ஈரத்துணி போட்டு மேலே சூடான இரும்பை வைப்பான். ஆவி இறங்கி, அமுங்கிய மரம் மெல்ல எழும்பி வரும். பிறகு தலைநகர் சனாவில் பெயிண்டுக் கடையில் வாங்கிய ஆளிவிதை எண்ணெயை, உள்ளங்கை சுடுகிற வரைக்கும் தேய்ப்பான். "எம் புள்ளைங்களுக்கே இந்த மனுசன் இப்படி எண்ணெய் தேச்சு விட்டதில்ல" என்று அவன் மனைவி நூரிய்யா தண்ணீர் எடுக்கிற இடத்தில் ஒருநாள் சொல்லிவிட்டாள். அது ஊர்ச் சிரிப்பாகிவிட்டது.

இன்னொரு சிரிப்பும் உண்டு. கல்யாண வீட்டில் எல்லோரும் வானத்தைப் பார்த்துச் சுடுவார்கள், முக்பிலும் சுடுவான். சுட்டதும் நேராகச் சமையல்காரனிடம் போய்க் கொதிக்கிற வெந்நீர் கேட்பான். பழைய தோட்டாவின் மருந்து எரிந்ததும் உப்பு மாதிரி ஒன்றைக் குழலுக்குள் விட்டுவிட்டுப் போகும். அன்றைக்கே வெந்நீர் ஊற்றிக் கழுவாவிட்டால் மறுநாள் குழலுக்குள் செம்மண் பூத்திருக்கும். ஊரார் சொல்வார்கள், கல்யாணத்தில் எல்லோரும் கறிக்கு வரிசையில் நின்றால் முக்பில் வெந்நீருக்கு நிற்பான் என்று.

மாடி அறைச் சுவரில் அவன் மாட்டி வைத்திருந்தவற்றில் இரண்டுக்குப் பேர் வைத்திருந்தான். ஒன்று நெட்டை. ஜர்மல் என்று எங்கள் பக்கத்தில் சொல்கிற ஜெர்மன்காரன் துப்பாக்கி. கறுத்த கட்டை, ஒரு வேலைப்பாடும் கிடையாது. ஆனால் குழலிலும், தோட்டாவை உள்ளே பூட்டுகிற போல்ட்டிலும், கட்டையிலும், சின்னத் திருகாணித் தலையில்கூட, ஒரே எண் அடித்திருக்கும். பட்டறையிலிருந்து வெளியே வந்த நாளிலிருந்து அதன் உறுப்பு ஒன்றுகூட மாறவில்லை. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பான்.

மற்றது மாப்பிள்ளை. குட்டையானது, தேன் நிறக் கட்டை, இடுப்பிலும் கழுத்திலும் வெள்ளிப் பட்டை. அறைக்குள் வருகிறவன் கண் முதலில் அதன்மேல்தான் விழும். அலங்காரம் எல்லாம் மேலோடு சரி. அதன் சொந்த போல்ட் என்றைக்கோ தொலைந்துபோய், சந்தையில் இரும்புக் குவியலிலிருந்து பொறுக்கிய வேறு ஒன்றை அதில் போட்டிருந்தான். போல்ட்டின் முன்தலையில் காது மாதிரி இரண்டு முட்டு இருக்கும். வெடிக்கிற உதையைத் தாங்குவது அவைதான். இந்தப் போல்ட்டின் ஒரு காதில் தலைமுடி பருமனில் ஒரு விரிசல். சுட்டால் என்றைக்காவது ஒருநாள் அது பின்னால் பாய்ந்து, சுடுகிறவன் கண்ணைக் கொண்டுபோகும். அதனால் முக்பில் அதில் தோட்டா போட்டதே இல்லை. கல்யாணத்துக்கு இரவல் கேட்டாலும் தரமாட்டான். பார்க்க மட்டும்.

இப்படி இருக்கும்போது அவன் தம்பி நாஜி சந்தையில் கை நீட்டிவிட்டான்.

நாஜிக்குப் பிக்கப் வண்டி ஓட்டுகிற தொழில், மூக்குக்கு மேலே கோபம். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, கீழ்கரையைச் சேர்ந்த ஹிஸாம் என்பவன் பரப்பி வைத்திருந்த உலர்ந்த திராட்சை மூட்டைமேல் ஏற்றிவிட்டான். கண் தெரியாதவனுக்கு வண்டி எதற்கு என்று ஹிஸாம் கேட்டான். நாஜி இறங்கி வந்து, கன்னத்தோடு காதையும் சேர்த்து ஓர் அறை விட்டான். அது ஹிஸாமுக்கு மட்டும் விழுந்த அறையாக நிற்காது. சந்தைக்கு வந்தவனைத் தொடுவதில்லை என்று எல்லா ஊரும் வாக்குக் கொடுத்த இடம் அது. அறை விழுந்த அந்த நிமிஷமே நாஜியின் ஊர்க்காரர்கள், மேல்கரைக்காரர்கள் எல்லோருக்கும் சந்தை மூடிப்போயிற்று. ஓடைக்கு அந்தப்பக்கம் கீழ்கரைக்காரர்கள் கூரைமேல் ஏறி நின்று இந்தப்பக்கம் பார்க்க ஆரம்பித்தார்கள். அடுத்தது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு கரையிலும் துப்பாக்கி இல்லாத வீடு இல்லை.

ஓடை தொடங்குகிற மலையூரிலிருந்து ஷேக் ஜுப்ரான் நடுவில் வந்தார். இரண்டு பக்கத்துக்கும் சொந்தமில்லாத மனுஷர், பேச்சு குறைவு. மேல்கரை தரப்பில் ஒரு துப்பாக்கியைப் பிணையாகக் கொடுங்கள் என்றார். துப்பாக்கியைக் கொடுப்பது வாக்கைக் கொடுப்பதுதான். நீங்கள் என்ன தீர்ப்புச் சொன்னாலும் எனக்குச் சம்மதம் என்று அதற்கு அர்த்தம். தப்புச் செய்தவனுக்கு மூத்தவன் முக்பில், அதனால் கொடுக்க வேண்டியவன் அவன்.

அவன் மாடி அறையில் போய் நின்றான். நூரிய்யா பின்னாலேயே வந்து, நெட்டையைக் கையில் எடுத்துத் தூசி தட்டினாள்.

"இதைக் குடுங்க, ஸாலிஹ் வாப்பா. ஊரே பாக்கிற விசயம்" என்றாள். மூத்த பையன் பேரைச் சொல்லித்தான் அவனைக் கூப்பிடுவாள்.

அவன் அதை அவள் கையிலிருந்து வாங்கித் திரும்ப மாட்டினான். ஷேக்கின் கூடத்தைப் பற்றிச் சொன்னான். அங்கே தினமும் லேசான போதைக்குக் காத் இலை மெல்லுகிற கூட்டம், ஹூக்காப் புகை, ஈரக்கை. யார் எண்ணெய் போடுவார்கள்? திரும்பி வரும்போது நெட்டை நெட்டையாகவா வரும்? மாப்பிள்ளை என்றால் சுவரில் தொங்குவதற்கென்றே பிறந்தது, தொங்கிவிட்டு வரட்டும். மேல்கரை வழக்கத்தில் பிணைத் துப்பாக்கியை யாரும் சுடுவதில்லை. தீர்ப்பு முடிந்தால் கையில் கொடுப்பார்கள், முத்தமிட்டு வாங்கிக்கொண்டு வரவேண்டியதுதான். இப்படியெல்லாம் சொன்னான். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் நெட்டையைப் பிரிய மனசு வரவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. நூரிய்யா கீழே இறங்கிப்போனாள்.

மாப்பிள்ளையைப் பார்த்ததும் ஷேக்கோடு வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். மேல்கரைக்காரன் வீட்டு நகையையே கழற்றிக் கொடுத்துவிட்டான் என்று பேச்சு ஓடையைத் தாண்டிப் போயிற்று. கூரைமேல் நின்றவர்கள் இறங்கினார்கள். அந்தப் புகழைக் கேட்ட இடத்தில் முக்பில் உட்காரமாட்டான், வேலை இருக்கிறது என்று எழுந்துவிடுவான்.

மழைக்காலம் தொடங்குகிற சமயத்தில் தீர்ப்பு வந்தது. மேல்கரைக்காரர்கள் ஒரு காளையோடு ஹிஸாமின் வீட்டு முற்றத்துக்குப் போய், எல்லோர் முன்னாலும் தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். போனார்கள். நாஜி தலைகுனிந்து ஹிஸாமின் நெற்றியில் முத்தமிட்டான். காளையை அறுத்து, கறி வெந்து, வெந்தயக் கூழ் நுரைக்க நுரைக்கக் கற்சட்டியில் ஸல்தாக் குழம்பு வந்தது. இரண்டு கரைக்காரர்களும் ஒரே தட்டில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிட்டார்கள். முக்பிலுக்கு மூச்சே அன்றைக்குத்தான் சரியாக வந்தது.

சாப்பாடு முடிந்து கை கழுவியதும், ஷேக் மாப்பிள்ளையை எடுத்து ஹிஸாமின் கையில் கொடுத்தார். கீழ்கரைப் பெரியவர் ஒருவர், தர்ஹம் என்று பேர், மடியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து ஹிஸாமிடம் நீட்டினார்.

முக்பில் பக்கத்தில் இருந்தவனிடம் இது எதற்கு என்று கேட்டான். அவன் முக்பிலை வேறு தேசத்து ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தான். கீழ்கரையில் அடிபட்டவன்தான் பிணைத் துப்பாக்கியால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி போடுவான், அவன் கோபம் அந்தக் குழல் வழியாகத்தான் வெளியே போகும், அதற்கப்புறம்தான் துப்பாக்கி திரும்பும் என்றான். உங்கள் பக்கம் இல்லையா என்று கேட்டான். ஓர் ஓடைதான் நடுவில். இத்தனை வருஷம் இந்தக் கரையில் சுவர் கட்டியிருக்கிறான், இது அவனுக்குத் தெரியாமல் போயிற்று.

ஹிஸாம் எழுந்து முற்றத்தின் நடுவுக்குப் போனான். தோட்டாவை உள்ளே தள்ளி போல்ட்டைப் பூட்டினான். முக்பில் கால் தானாக எழுந்துவிட்டது.

"ஹிஸாம், கொஞ்சம் பொறு. அந்தத் தோட்டா ரொம்பப் பழசு மாதிரி இருக்கு. உன் கலாஷ்னிகோவால சுட்டா என்ன?"

தர்ஹம் சிரித்தார்.

"தோட்டா என்னோடது தம்பி. போன வாரம்தான் இதே பெட்டியில ஒண்ணைப் போட்டு நரியைச் சுட்டேன். உனக்கு வெந்நீர்க் கவலையா? அடுப்புல நிறைய இருக்கு, பயப்படாத."

எல்லோரும் சிரித்தார்கள், ஹிஸாமும் சிரித்தான். சிரித்துக்கொண்டே கட்டையைத் தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்தான். அறை வாங்கிய அதே கன்னம். போல்ட் அவன் கண்ணுக்குக் கீழே இருந்தது. ஒருவேளை இந்த ஒரு வெடியைத் தாங்கிவிடும் என்று முக்பிலின் மனசு சொன்னது. தாங்கவும் தாங்கலாம். சும்மா உட்கார்ந்தால் ஒரு நிமிஷத்தில் எல்லாம் முடிந்து துப்பாக்கி கைக்கு வந்துவிடும். வாயைத் திறந்தால் கூரைமேல் திரும்ப ஆள் ஏறும். இதெல்லாம் அவனுக்குத் தெரிந்தது. தெரிந்தே போய்க் குழலைக் கையால் பிடித்தான்.

"சுடாத. இதோட போல்ட் இதுக்குச் சொந்தம் இல்ல. காதுல விரிசல் இருக்கு. உன் மூஞ்சியில வெடிக்கும்."

நாஜி உட்கார்ந்த இடத்திலிருந்தே, "அண்ணே, என்ன பண்றே நீ" என்றான். கீழ்கரைப் பையன்கள் சிலர் சுவரோரம் சாத்தியிருந்த துப்பாக்கிகள் பக்கம் நகர்ந்தார்கள். ஷேக் கையைத் தூக்கினார், நின்றார்கள். தோட்டாவை வெளியே எடுக்கச் சொல்லிவிட்டு, காட்டு என்றார்.

முக்பில் போல்ட்டை உருவினான். எண்ணெய்ப் பளபளப்பில் விரிசல் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. சால்வை நுனியால் மேலே அழுத்தித் துடைத்துவிட்டு, ரொட்டித் தட்டின் ஓரத்தில் கிடந்த மாவை ஒரு சிட்டிகை எடுத்து அந்தக் காதின்மேல் தூவி ஊதினான். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். விரிசலுக்குள் இருந்த எண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளை மாவில் ஒரு கறுப்புக் கோடு போட்டது.

"குடுக்கும்போதே உனக்குத் தெரியுமா?" என்று ஷேக் கேட்டார்.

"தெரியும்."

ஷேக் அவனைத் திட்டவில்லை. தாடியைத் தடவிக்கொண்டு, உன் தம்பி கையை நீட்டியது ஒரு நொடி வேகத்தில், நீ இதைத் துடைத்து எண்ணெய் போட்டு நிதானமாகக் கொண்டுவந்தாய் என்றார். தீர்ப்பு சொல்ல வேண்டியவன் இனி நானில்லை என்று ஷேக் ஹிஸாமைப் பார்த்தார்.

ஹிஸாம் போல்ட்டைக் கையில் வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"உன் தம்பி என் காதுல அடிச்சான். நீ காது போனதைக் கொண்டாந்து குடுத்திருக்க. உங்க குடும்பத்துக்குக் காதுமேல என்ன பகை?"

யாரோ ஒருவன் சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டான்.

"வீட்டுல வேற நல்லது இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"ஏன் அதைக் குடுக்கல?"

"மனசு வரல" என்றான் முக்பில். புகை, ஈரக்கை என்று நூரிய்யாவிடம் சொன்னதெல்லாம் அந்த முற்றத்தில் வாய்க்கு வரவில்லை.

ஹிஸாம் தலையை ஆட்டினான். போய் அதைக் கொண்டுவா, வெயில் சாய்வதற்குள் வா என்றான். நாஜி இங்கேயே இருக்கட்டும் என்றார் ஷேக்.

முக்பில் ஓடைக்குள் இறங்கி, மேலே ஏறினான். இத்தனை வருஷம் கல் சுமந்த முழங்கால் வழியெல்லாம் முனகியது. வீட்டு வாசலில் அவன் நின்றதைப் பார்த்ததும் நூரிய்யா மாடிக்குப் போய் நெட்டையை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினாள். அவன் தூசி தட்டப் போனான்.

"அன்னைக்கே தட்டிட்டேன்" என்றாள்.

திரும்பி வந்தபோது முற்றத்தில் எல்லோர் கன்னமும் காத் இலையால் உப்பியிருந்தது. நாஜி மட்டும் மெல்லாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். முக்பில் நெட்டையை இரண்டு கையிலும் ஏந்திக் கொடுத்தான். வெள்ளி இல்லாத அந்தக் கறுத்த கட்டையைப் பார்த்து, இதற்கா மனசு வரவில்லை என்று பக்கத்தில் ஒருவன் முணுமுணுத்தான். தர்ஹம் மட்டும் அதைத் தடவி, எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

ஹிஸாம் நடுவில் நின்று வானத்தைப் பார்த்துச் சுட்டான். வெடி ஓடைக்குள் இறங்கி, மேல்கரைப் பாறையில் மோதித் திரும்பி வந்தது. முக்பில் கையை நீட்டவில்லை. நீட்டுகிற உரிமை தனக்கு இல்லை என்று நினைத்தான். நெட்டை இனி இந்த வீட்டுச் சுவரில்தான் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு நின்றான்.

ஹிஸாம் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கிக் குழல் வாயை முகர்ந்து பார்த்தான்.

"இப்ப நீ என்ன செய்வ இதுக்கு?"

"வெந்நீர் ஊத்திக் கழுவணும். இன்னைக்கே."

"எண்ணெய் போட்டா போதாதா?"

"போதாது. எண்ணெய் மேல நிக்கும். பாக்க நல்லாத்தான் இருக்கும். அடியில உப்பு தின்னுக்கிட்டே இருக்கும்."

ஹிஸாம் உள்ளே பார்த்து, பாத்திரம் கழுவ வைத்திருக்கிற வெந்நீரைக் கெட்டிலில் கொண்டுவரச் சொன்னான். சமையல் கட்டிலிருந்து யாரோ பெண்கள் சிரிக்கிற சத்தம் வந்தது. மேல்கரை வெந்நீர்க்காரன் கதை அங்கேயும் போயிருந்தது போலிருக்கிறது.

முற்றத்து மூலையில் முக்பில் குந்தி உட்கார்ந்து, போல்ட்டைக் கழற்றித் துணியில் வைத்துவிட்டு, குழலைச் சாய்த்துப் பிடித்தான். ஹிஸாம்தான் ஊற்றினான். கையில் பட்டுச் சுட்டது, முக்பில் விடவில்லை. குழல் வாயிலிருந்து முதலில் கறுப்பாக வந்தது, பிறகு சாம்பல் நிறமாக, பிறகு வெறும் தண்ணீராக. இன்னும் ஊற்று என்றான் முக்பில். தெளிவாகத்தானே வருகிறது என்றான் ஹிஸாம். தெளிந்த பிறகும் கொஞ்சம் ஊற்ற வேண்டும் என்றான். ஹிஸாம் கெட்டிலைக் கவிழ்த்து முழுதும் ஊற்றினான். இரும்பு சூட்டில் தானாகவே உலர்ந்தது. முக்பில் துணி விட்டு இழுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, நீ பார் என்று கொடுத்தான். ஹிஸாம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழலுக்குள் திருகு வரிகளோடு சுழலுகிற வெளிச்சத்தை ரொம்ப நேரம் பார்த்தான்.

பார்த்து முடித்து, துப்பாக்கியை முக்பில் மடியில் வைத்தான்.

"இது உன்னோடது. அந்த மாப்பிள்ளையையும் எடுத்துட்டுப் போ. போல்ட் மட்டும் எங்கிட்ட இருக்கட்டும்."

ஷேக் எழுந்து செருப்பைத் தேடினார். அதோடு முடிந்தது.

மாப்பிள்ளை இன்றைக்கும் முக்பிலின் மாடி அறையில், வெள்ளிப் பட்டை மின்ன, நடுவில் போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பொந்தோடு தொங்குகிறது. வருகிறவன் கண் முதலில் அதன்மேல்தான் விழும். இவ்வளவு அழகான துப்பாக்கிக்கு போல்ட் எங்கே என்று கேட்பான். கீழ்கரையில் ஹிஸாமிடம் இருக்கிறது என்பான் முக்பில். ஏன் என்று கேட்டால் உட்காரச் சொல்லிவிட்டு, சந்தையில் விழுந்த அறையிலிருந்து ஆரம்பித்து, மனசு வரவில்லை என்று சொன்ன இடம் வரைக்கும் ஒன்றும் விடாமல் சொல்லுவான். நெட்டையை அதற்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறான்.

போன அறுவடைக்குப் பிறகு ஹிஸாம் வீட்டு ஆட்டுக் கொட்டகைச் சுவர் சரிந்துவிட்டது. முக்பிலைத்தான் கூப்பிட்டான். கல் அடுக்கும்போது முக்பில் கதவைப் பார்த்தான். மரச்சட்டத்தில் இரண்டு ஓட்டை போட்டு, அந்தப் போல்ட்டைத் தாழ்ப்பாளாகச் செருகியிருந்தான் ஹிஸாம். ஆடுகள் உள்ளேயிருந்து முட்டிக்கொண்டிருந்தன.

"தாங்குதா?" என்று கேட்டான் முக்பில்.

"ஆட்டு முட்டுக்குத் தாங்குது" என்றான் ஹிஸாம். "துருப்பிடிக்குது. வர்றப்ப கொஞ்சம் எண்ணெய் கொண்டா."